ஏழு பேருக்கு ஓர் இரும்புப் பலகை

கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் எங்களுடையது இரும்புக் கடை. வருகிறவர்கள் ஆணி, கீல், தாழ்ப்பாள், சங்கிலி என்று கேட்பார்கள். எடுத்துக் கொடுத்தால் போய்விடுவார்கள். துணிக்கடைக்காரனைப் போல நாள் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு அந்த வியாபாரம் பிடித்திருந்தது. எனக்கு முன்கோபம் அதிகம். அப்பா காலமாகிக் கடை என் தலையில் விழுந்தபோது, இவன் வாய்க்கு ஆறே மாதத்தில் கடையைப் பூட்டிவிடுவான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம். பூட்டவில்லை. ஆணி வாங்க வருகிறவனுக்கு ஆணிதான் வேண்டும், என் சிரித்த முகம் எதற்கு?

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் காலை, தராசுத் தட்டுகள் தாமாகவே ஆடின. அலமாரியில் இருந்த பெயிண்ட் டப்பா ஒன்று உருண்டு கீழே விழுந்தது. தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். பூமிக்கடியில் வெகு ஆழத்தில் பாறை தானே வெடித்துச் சரிவதை எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். சின்னதாக அடிக்கடி வரும், பழகிப்போயிருந்தது. அன்று வந்தது பெரியது. ஒரே லைனைச் சேர்ந்த ஏழு பேர் உள்ளே போனவர்கள் போனவர்கள்தான். லைன் என்றால் தொழிலாளிகளுக்குச் சுரங்கம் கொடுத்திருந்த வீட்டு வரிசை. ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். அந்த ஒரு வரிசையிலிருந்து ஏழு பாடை கிளம்பிற்று. அன்று கடையை மூடிவிட்டு நானும் போய் நின்றேன். யாருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

சில மாதம் கழித்து அந்த லைனின் மேஸ்திரி என் கடைக்கு வந்தார். செத்த ஏழு பேரும் அவர் கேங்கில் வேலை செய்தவர்கள். அன்று அவருக்கு வேறு ஷிப்ட், அதனால் தப்பினார். தப்பியது அவருக்குப் பெரிய பாரமாக இருந்தது. முகம் பாதியாகிவிட்டிருந்தது. லைன் மாரியம்மன் கோயில் மதில் சுவரில் ஏழு பேர் பெயரையும் போட்டு ஒரு இரும்புப் பலகை பதிக்க வேண்டும், லைன்காரர்கள் எல்லோரும் சேர்ந்து செய்கிறார்கள், இரும்பு வார்க்கிற பெங்களூர் பவுண்டரிக்கு எழுதி என்ன விலையாகும் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார். ரொட்டிக் கடைகளுக்கு அடுப்புக் கதவு வார்த்து வாங்கிக் கொடுத்திருந்ததால், வார்ப்பு விஷயம் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது.

கல்லில் வெட்டினால் சுலபமாயிற்றே, கோலார் பக்கம் நல்ல கல்தச்சர்கள் இருக்கிறார்களே என்றேன்.

"கல்லுதான் தம்பி அவங்கள கொன்னுச்சி. அது மேலயே பேர வெட்டணுமா?" என்றார் மேஸ்திரி.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

பவுண்டரிக்கு விலை கேட்டு எழுதுவது என்பது ஜவுளிக்கு எழுதுவது போல அல்ல. ஒரு பலகை வேண்டும், என்ன விலை என்று எழுதினால் பதிலுக்குப் பத்துக் கேள்வி வரும். நீளம் என்ன, அகலம் என்ன, கனம் என்ன, எழுத்து மேலே புடைத்து நிற்க வேண்டுமா, உள்ளே குழிந்திருக்க வேண்டுமா, போல்ட் ஓட்டை எங்கே, மர அச்சு யார் கொடுப்பது, சரக்கை எந்த ஸ்டேஷனுக்கு அனுப்புவது. எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் ஒரே பதிலில் கொட்டேஷன் வந்துவிடும். முக்கியமாக எத்தனை எழுத்து என்பது தெரிய வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் மரத்தில் தனியாகச் செதுக்கி அச்சில் ஒட்டியாக வேண்டும். அந்தக் கூலியை அவன் எழுத்துக் கணக்கில்தான் போடுவான்.

அதிலும் தமிழ் எழுத்து. அந்தப் பட்டறையில் அச்சு செய்கிற ஆசாரிக்குக் கன்னடம்தான் தெரியும். நான் எழுத்தைச் சரியாக எழுதிக் கொடுக்காவிட்டால் ழகரம் நண்டு மாதிரி வந்து நிற்கும். ஆகவே பழுப்புக் காகிதத்தை மேஜையில் விரித்து, பலகை எந்த அளவோ அதே அளவில் வரைந்துவிடுவது என்று முடிவு செய்தேன். மர அச்சை மணலில் அழுத்தி எடுத்து, அந்தக் குழியில்தான் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். மெல்லிய கோடாகப் போட்டால் இரும்பு ஓடிப் போய் நிரம்பாது. புள்ளியைச் சின்னதாக வைத்தால் மணலோடு பெயர்ந்துவிடும். பட்டாணிக் கடலை அளவுக்குப் புள்ளி வைக்க வேண்டும். அடுப்புக் கதவில் கடைப்பெயர் போட்டு அவதிப்பட்டதில் இதெல்லாம் தெரிந்திருந்தது.

இரண்டாம் தடவை மேஸ்திரி வந்தபோது பெயர்களைச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறு பெயர் வந்தது. ஏழாவது வரவில்லை.

"ஏழாவது பேருல ஒரு சங்கடம் கீது தம்பி" என்றார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஏழாவது ஆள் வேலை செய்தது அவன் சொந்தப் பெயரில் அல்ல, அண்ணன் பெயரில். அண்ணன்காரர் முதலில் சுரங்கத்தில் வேலை செய்தவர். நெஞ்சில் தூசி கட்டி, லீவு எடுத்துக்கொண்டு குடியாத்தம் பக்கத்தில் இருந்த ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய டிக்கெட்டை, அதாவது சுரங்கத்தில் இறங்கக் கொடுக்கிற அடையாளச் சீட்டை, எடுத்துக்கொண்டு தம்பி வந்து நின்றான். இவன்தான் அவன் என்று, ஆள் கணக்கு எடுக்கிற டைம் ஆபீசில் வாய்ச்சாட்சி சொன்னவர் இதே மேஸ்திரி. அந்தக் காலத்தில் இப்படி அண்ணன் டிக்கெட்டில் தம்பியும் மாமன் டிக்கெட்டில் மச்சானும் இறங்குவதை யாரும் திருட்டாக நினைக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு டிக்கெட், யார் இறங்கினால் என்ன என்பதுதான் லைனில் நியாயம். பல வருஷம் அவன் அண்ணன் பெயருக்குத்தான் "இருக்கேன்" என்று குரல் கொடுத்தான். கூட வேலை செய்தவர்களும் அந்தப் பெயரிலேயே கூப்பிட்டார்கள். செத்ததும் அந்தப் பெயரிலேயே.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவன் மனைவிக்கு இரண்டு பிள்ளைகள். லைன் வீட்டில் தொடர்ந்து இருக்க அனுமதியும், ஆஸ்பத்திரியில் கூட்டுகிற வேலையும் அவளுக்குக் கிடைத்திருந்தன. இரண்டும் செத்தவனின் மனைவி என்பதால் கிடைத்தவை. அதாவது காகிதத்தில், அவள் புருஷனின் அண்ணனான மச்சாண்டாரின் மனைவி. அந்த மச்சாண்டார் கல்யாணமே செய்துகொள்ளாமல் ஊரில் இருமிக்கொண்டு உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். பலகையில் உண்மைப் பெயரைப் போட்டால், நாளைக்கு ஆபீசிலிருந்து ஒருத்தன் கோயில் பக்கம் வந்து படித்தால் போதும். இந்தப் பெயரில் நம்மிடம் ஆளே இல்லையே என்பான். வீடும் போகும், வேலையும் போகும், சாட்சி சொன்ன மேஸ்திரியும் போவார். அண்ணன் பெயரைப் போட்டாலோ, அவள் மச்சாண்டாருக்குத் தாலி அறுத்தவள் என்று இரும்பில் வார்த்து, ஊர் நடுவில் மாட்டி வைத்தது போலாகும். ஆபீஸ் காகிதம் பீரோவுக்குள் கிடக்கும். பலகை அப்படியா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஏற்கெனவே குழாயடியில் இதைச் சொல்லிச் சிரித்த பெண்கள் உண்டு.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். இதையெல்லாம் முடிவு செய்துவிட்டு என்னிடம் வந்திருக்கலாமே, எழுத்துக் கணக்கு இல்லாமல் நான் என்ன மண்ணாங்கட்டியை எழுதி அனுப்புவது என்று கத்தினேன். மேஸ்திரி, அந்தப் பெண் உண்மைப் பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், அண்ணன்காரரை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன்காரர் பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக மேஸ்திரியோடு என் கடைக்கே வந்தார். லைனுக்குள் அவர் போக முடியாது. செத்தவர் எப்படித் தெருவில் நடப்பார்? ஒரு வாக்கியம் பேசினால் இரண்டு நிமிஷம் இருமினார். பழுப்புக் காகிதத்தில் ஏழாவது வரி காலியாக இருப்பதைக் காட்டினேன்.

"எம் பேரயே போடு நைனா. நான் குடுத்த டிக்கெட்லதான அவன் எறங்கனான். அந்தப் பேரு இனிமே எனக்கு வேணாம்" என்றார்.

காபி வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊருக்கு வரவேயில்லை.

அந்தப் பெண் வந்தது அதே வாரத்தில் ஒரு மத்தியானம். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்திருக்க வேண்டும், புடவையில் பினாயில் வாடை அடித்தது. கடையில் வேறு யாரும் இல்லை. நான் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மச்சாண்டார் வந்து போனது அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னென்னவோ பேசப் போகிறாள், அழப் போகிறாள் என்று பயந்தேன். அழுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கை கால் ஓடாது, அதனால் இன்னும் கோபமாகப் பேசிவிடுவேன். அவள் அழவில்லை.

"பெரியவரு பேரயே எழுதிடுங்க அண்ணா. பசங்களுக்கு வீடு வேணும்" என்றாள்.

எழுதினேன். அவள் எதிரிலேயே பென்சிலால் எழுதி, கனமாக மசி பூசினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். படிக்கத் தெரியாதவள். அந்த மசி புட்டியைத் தூக்கித் தெருவில் வீசிவிடலாமா என்றிருந்தது. உயிரோடு இருக்கிற ஒருத்தர் பெயரைச் செத்தவர்களோடு எழுதுகிறேன், செத்தவன் பெயர் எனக்கே தெரியாது.

மேஜையில் இன்னொரு காகிதமும் விரித்திருந்தது. அதில் எழுத்தே இல்லை, பெருக்கல் குறி மாதிரி இரண்டு பட்டைகள் மட்டும். அது இன்னா என்று கேட்டாள். அகலமான பலகை ஆறும்போது அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும், வளையாமல் இருக்கப் பின்பக்கம் குறுக்குச் சட்டம் வைத்து வார்ப்பார்கள், இது பின்பக்கத்துப் படம் என்று விளக்கினேன். சுவரோடு ஒட்டிப் போய்விடும், ஒருவர் கண்ணிலும் படாது என்றும் சொன்னேன்.

அவள் கிளம்பவில்லை. வாசல் வரை போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அந்தப் பக்கம் எழுத்து வருமா அண்ணா?"

வரும். ஏன் வராது? அச்சில் எந்தப் பக்கம் ஒட்டினாலும் மணலில் பதியும். ஆனால் எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். பென்சிலை எடுத்துக்கொண்டு, பெயரைச் சொல்லும்மா என்றேன்.

அங்கேதான் அடுத்த தடங்கல். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். குறைய இனி என்ன இருக்கிறது? ஆனாலும் அவளுக்கு நாக்கு புரளவில்லை. திருத்தணி மலை மேல கீற சாமி என்றாள். முருகனுக்கு ஆயிரம் பெயர், அதில் எது என்று கேட்டேன். மேஸ்திரியைக் கேட்டுக்கொள்ளட்டுமா என்றதற்கு, ஐயோ அவருக்குத் தெரியவே கூடாது என்றாள். அப்புறம் அந்தச் சாமி கையில் இருக்கிறதே, அது என்று ஆரம்பித்தாள். பவுண்டரிக்காரனுக்கு விடுகதை போட முடியாதும்மா என்று அதட்டிவிட்டேன்.

அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். சங்கிலிகள் தொங்குகிற சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு தடவை சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள், எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தப் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. அது ஊருக்குச் சொல்ல என் கையில் கொடுத்த பொருள் அல்ல.

இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் எழுதி, மசி பூசிக் காட்டினேன். சின்னப் பெயர். முன்பக்கத்தில் இருந்த பெயர்களில் பாதி நீளம்கூட இல்லை.

"இவ்ளோதானா?" என்றாள்.

இவ்வளவுதான் என்றேன். காகிதத்தின் மேல் விரலை வைக்கப் போனவள், மசி ஈரம் கலைந்துவிடும் என்று கையை எடுத்துக்கொண்டாள். பெரிதாகப் போடட்டுமா என்று கேட்டேன். மற்றவர்களுக்கு என்ன அளவோ அதே அளவு போதும் என்றாள்.

முன்பக்கப் படம் ஒன்று, பின்பக்கப் படம் ஒன்று, ஆங்கிலத்தில் ஒரு கடிதம். வார்ப்பிரும்புப் பலகை ஒன்று, கனம் அரை அங்குலம், முன்பக்கம் ஏழு வரி, பின்பக்கம் குறுக்குச் சட்டத்தோடு ஒரு வரி, எழுத்துகள் புடைப்பாக, நான்கு மூலையிலும் போல்ட் ஓட்டை, கறுப்பு வர்ணம், பங்காருபேட்டை ஸ்டேஷனில் டெலிவரி, விலை தெரிவிக்கவும். பின்பக்க வரிக்கான எழுத்துக் கணக்கைத் தனியாகக் குறித்து, அதற்காகும் கூலியை என் கடைக் கணக்கில் போடச் சொன்னேன். தபாலில் சேர்த்துவிட்டு வந்த பிறகு அன்றைக்கு யாரோடும் சண்டை போடத் தோன்றவில்லை.

கொட்டேஷன் வந்த நேரம் மேஸ்திரி என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். படிங்க தம்பி என்றார். விலையைப் படித்தேன், எத்தனை வாரத்தில் கிடைக்கும் என்பதைப் படித்தேன். கடைசியில் பவுண்டரிக்காரன் ஒரு பத்தி எழுதியிருந்தான். பின்பக்க எழுத்துகள் சுவரில் பதித்த பின் ஒருவர் கண்ணிலும் படா, வரைபடத்தில் தவறு நேர்ந்திருக்கலாம், அவற்றை நீக்கிவிட்டால் உங்களுக்குச் செலவும் குறையும், தயவுசெய்து உறுதி செய்யவும் என்று. பவுண்டரிக்காரன் மரியாதையாகத்தான் எழுதியிருந்தான், எனக்குத்தான் அவனை அறையலாம் போலிருந்தது. கீழே இன்னா எழுதிக்கீறான் என்று மேஸ்திரி கேட்டார். குறுக்குச் சட்டம் கண்டிப்பாக வேண்டுமா என்று கேட்கிறான் என்றேன். அவர் தலையாட்டினார். அவர் போன கையோடு கார்டு ஒன்றை எடுத்து, தவறு ஒன்றும் இல்லை, படத்தில் உள்ளபடியே வார்க்கவும் என்று எழுதிப் போட்டேன்.

பலகை வைக்கோலில் சுற்றி மாட்டுவண்டியில் வந்தது. கோயில் முன்னால் லைனே கூடியிருந்தது. நாலு பேர் இறக்கி, கட்டை அவிழ்த்து, சுவரில் சாய்த்தார்கள். சாய்த்த வேகத்தில் பின்பக்கம் வெளியே பார்க்க நின்றுவிட்டது. மேஸ்திரி குனிந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் படிப்பார். பட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போனார். கடைசி எழுத்தில் விரல் நின்றது. அந்தப் பெண் கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

மேஸ்திரி நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"திருப்பி வைங்கடா. கொத்தனாரே, கலவைய நெறைய போடு. பின்னாடி சந்து வெச்சிடாத" என்றார்.

பலகையைத் திருப்பினார்கள். கொத்தனார் மதிலின் உட்புறத்தில் கலவையை அப்பி, பலகையை வைத்து அழுத்தி, போல்ட்டை முறுக்கினார். ஓரங்களில் பிதுங்கி வந்த கலவையை மேஸ்திரி தன் கையாலேயே வழித்துவிட்டார்.

பூசாரி தீபாராதனை காட்டினார். பெண்கள் ஒவ்வொருவராக முன்னால் போய், எது தங்கள் வரி என்று யாரையாவது கேட்டு, அதைத் தொட்டுத் தொட்டு அழுதார்கள். ஏழாவது வரியை யாரும் தொடவில்லை. அவள் எங்கே என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், எந்த மூஞ்சிய வெச்சிகினு வருவா என்று முணுமுணுத்தாள். அவளை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று எனக்கு வந்த கோபத்தில் கூட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

மதிலைச் சுற்றிக்கொண்டு பின்சந்து வழியாகத்தான் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். சந்தில் லைன் வீடுகளின் சாக்கடை ஓடுகிறது. அங்கே, மதிலின் வெளிப்பக்கத்தில், புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அவள் சாக்கடையைத் தாண்டி நின்றிருந்தாள். உள்ளே பலகை இருக்கிற இடத்தைக் கையால் அளந்து பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். வெறும் செங்கல் சுவர். அதற்கு நேராகக் கீழே, சேறு இல்லாத ஒரு கல்லில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் நகரவில்லை. நான்தான் செருப்பைக் கழற்றினேன். கற்பூரம் தீரும்வரை இருவரும் நின்றோம்.